ஒன்பது கஜமும் மடிசாரும்: ஓர் ஆங்கிலச் சொலவடையைப் பற்றி

வாசகர் ஒருவரின் கேள்வி:

ஆங்கிலத்தில் ‘தி ஹோல் நைன் யார்ட்ஸ்’ என்று ஒரு சொலவடை உண்டு. ஒன்றையும் விடாமல் முழுவதும் என்று பொருள். ஒன்பது கஜம் என்ற அளவு நம் மடிசாரைத் தவிர உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது? சென்னையிலும் தஞ்சாவூரிலும் இருந்த வெள்ளைக்காரர்கள், நம் வீட்டுப் பெண்கள் அத்தனை நீளத்தையும் உடலில் சுற்றிக் கட்டுவதைப் பார்த்து வியந்து உண்டாக்கிய தொடர் இது என்பது என் துணிபு. இதை எந்த அகராதியும் ஏன் ஒப்புக்கொள்வதில்லை?

ஜூன் 4

மடிசாரிலிருந்து வரவில்லை. ஒரு தொடர் எதைப் போல இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், அது எங்கே, எப்போது, யாருடைய எழுத்தில் முதலில் தென்படுகிறது என்று பார்க்க வேண்டும். இந்தத் தொடருக்குக் கிடைத்துள்ள பழைய பதிவுகள் அமெரிக்காவைச் சேர்ந்தவை. பிரிட்டனில் அது பரவியது பிற்பாடுதான். சென்னையில் இருந்த ஆங்கிலேயர் உண்டாக்கியிருந்தால் அவர்களுடைய கடிதங்களிலும் நாட்குறிப்புகளிலும் சென்னைப் பத்திரிகைகளிலும் அது முதலில் தலைகாட்டியிருக்க வேண்டும். பிறகு லண்டனுக்குப் போயிருக்க வேண்டும். லண்டனைத் தொடாமல் அமெரிக்காவின் உள்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் போய் முளைத்தது என்றால் அதை எப்படி ஏற்பது?

நம் கரையிலிருந்து உண்மையாகவே ஆங்கிலத்துக்குப் போன சொற்கள் தடம் பதித்துத்தான் போயிருக்கின்றன. கட்டுமரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வில்லியம் டாம்பியர் என்ற கடலோடி 1697 இல் வெளியிட்ட பயண நூலில், சோழமண்டலக் கரையில் கண்ட மரக்கலத்தை அந்தப் பெயராலேயே குறிப்பிடுகிறார். சுருட்டும் மிளகுத்தண்ணீரும் வெட்டிவேரும் அப்படியே. இவற்றையெல்லாம் திரட்டி ஹென்றி யூலும் ஏ. சி. பர்னலும் தொகுத்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி 1886 இல் வெளிவந்தது. இந்த பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். அரண்மனை நூலகத்தின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தவர். மடிசார் கட்டிய பெண்கள் நாள்தோறும் நடமாடிய ஊரில் உட்கார்ந்து, இந்திய வழக்குகள் ஆங்கிலத்தில் எப்படி நுழைந்தன என்று சேகரித்துக்கொண்டிருந்த மனிதர் அவர். அவருடைய அகராதியிலேயே இந்தத் தொடர் இல்லை. ஆகவே அகராதிக்காரர்கள் எதையும் மறைக்கவில்லை; மறைப்பதற்கு அவர்களிடம் ஒன்றும் இல்லை.

ஜூன் 5

ஒன்றை விட்டுவிட்டேன். ஒன்பது கஜம் நமக்கு மட்டும் உரிய அளவும் இல்லை. மராட்டியப் பெண்கள் கட்டும் ‘நவ்வாரி’யின் பெயரிலேயே ஒன்பது இருக்கிறது. இந்த வாதத்தை ஏற்றால் புணேக்காரர்களும் பங்கு கேட்டு வருவார்கள். பம்பாயிலும் வெள்ளைக்காரர்கள் இருந்தார்கள்.

ஜூன் 9

துப்பாக்கித் தோட்டா விளக்கத்தைப் பலர் அனுப்பியிருக்கிறார்கள். இது மிகவும் புகழ்பெற்றது. நான் பத்திரிகை அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தபோது ஒரு பயிலரங்கில் பேச வந்தவர் இதைத்தான் உறுதியாகச் சொன்னார். இரண்டாம் உலகப் போரின் சண்டை விமானங்களில் இயந்திரத் துப்பாக்கிக்கான தோட்டாப் பட்டை 27 அடி நீளம் இருந்தது, அதாவது ஒன்பது கஜம். பகைவன் மேல் பட்டை முழுவதையும் தீர்த்துவிட்டு வந்த விமானி ‘ஒன்பது கஜத்தையும் கொடுத்துவிட்டேன்’ என்றான். அங்கிருந்து வந்தது சொலவடை. அறையில் இருந்த அத்தனை பேரும் குறித்துக்கொண்டோம். எந்த விமானம், எந்தத் துப்பாக்கி என்று யாரும் கேட்கவில்லை.

அதைக் கேட்டுவிட்டால் கதை அங்கேயே நின்றுவிடும். அந்தப் போரின் பெயர்பெற்ற அமெரிக்க விமானமான பி-51டி மஸ்டாங்கில் ஆறு துப்பாக்கிகள் இருந்தன. இறக்கையின் உட்பக்கத்தில் இருந்த இரண்டுக்கும் தலா 400 தோட்டாக்கள், மற்ற நான்குக்கும் தலா 270 தோட்டாக்கள், ஆக மொத்தம் 1,880. ஒரே விமானத்திலேயே பட்டைகள் இரண்டு வேறு நீளங்களில் இருந்திருக்கின்றன. வேறு விமானங்களில் இந்தக் கணக்கும் வேறு. அது மட்டுமல்ல, படைக்காரர்கள் தோட்டாவை எண்ணிக்கையால் கணக்கிட்டார்களே தவிர நீளத்தால் கணக்கிடவில்லை. எத்தனை சுற்று மிச்சம் என்று அறிவதுதான் விமானிக்கு உயிர்ப் பிரச்சினை. பட்டை எத்தனை கஜம் என்பது அவனுக்கு எதற்கு?

இதற்கும் மேலே, அந்தப் போர் நடந்த காலத்து ஏடுகளில் யாரும் இந்தத் தொடரை இப்படிக் கையாண்டதாகத் தெரியவில்லை. போர்க்கால வழக்குகளைத் திரட்டிய அகராதிகள் அமெரிக்காவில் அப்போதே வந்திருக்கின்றன. விளக்கம் எழுந்தது போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்து.

ஜூன் 10

கட்டுமானத் துறையில் வேலை பார்த்த ஒருவர் கான்கிரீட் லாரியைச் சொல்கிறார். அமெரிக்காவில் கான்கிரீட்டைக் கன கஜத்தில் அளப்பார்கள், கலவை லாரியின் முழுக் கொள்ளளவு ஒன்பது கன கஜம், லாரியில் இருப்பதையெல்லாம் கொட்டு என்பதற்கு ‘ஒன்பது கஜத்தையும்’ என்றார்கள் என்பது அவர் கேள்விப்பட்டது. நியூயார்க் டைம்ஸில் மொழியைப் பற்றிப் பல ஆண்டுகள் எழுதிய வில்லியம் சஃபையரும் ஒரு காலத்தில் இதன் பக்கம் சாய்ந்தார். ஆகவே இதற்கு ஒரு மதிப்பு வந்துவிட்டது.

லாரியின் வரலாறு வேறு மாதிரி இருக்கிறது. 1964 இல் அந்தத் தொழிலின் சொந்தப் பத்திரிகையே எழுதியதன்படி, அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புவரை நாலரைக் கன கஜ லாரிதான் வழக்கமானது. 1962 வாக்கில் நாடு முழுவதற்கும் சராசரி 6.24 கன கஜமாக உயர்ந்திருந்தது. சொலவடை அச்சில் உலவத் தொடங்கிய பிறகும் லாரி ஒன்பதை எட்டவில்லை. உங்கள் அனுபவத்தில் ஒன்பது கன கஜ லாரி இருந்தது உண்மையாகவே இருக்கலாம். அது சொலவடைக்குப் பிற்பட்ட லாரி.

ஜூன் 12

மற்றவற்றைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

பாய்மரக் கப்பல்: பாய்களைத் தாங்கும் குறுக்குக்கட்டைக்கும் ஆங்கிலத்தில் ‘யார்ட்’ என்றுதான் பெயர். மூன்று மரங்கள், மரத்துக்கு மூன்று கட்டைகள், ஆக ஒன்பது. எல்லாப் பாய்களையும் விரித்தால் முழு வேகம் என்கிறார்கள். பெரிய கப்பல்களில் ஒரு மரத்துக்கு நான்கும் அதற்கு மேலும் கட்டைகள் உண்டு. மேலும் கப்பற்காரர்கள் எழுதிக் குவித்திருக்கும் நூல்கள் ஏராளம். அவர்களுடைய சொல்லாக இருந்தால் அது அங்கே கிடைத்திருக்கும்.

வியட்நாம்: அந்நாட்டு மலைவாழ் மக்களை பிரெஞ்சுக்காரர்கள் ‘மோந்தாஞார்’ என்று அழைத்தார்கள், அமெரிக்கப் படையினர் அதை ‘யார்ட்’ என்று சுருக்கினார்கள், அந்த மக்களில் ஒன்பது குழுக்கள், ஆகவே ‘முழு ஒன்பது யார்டும்’. கேட்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சொலவடை அதற்கு முன்பே அச்சில் இருக்கிறது.

ஸ்காட்லாந்துக்காரரின் கில்ட், கன்னியாஸ்திரீயின் அங்கி, மணப்பெண்ணின் முக்காடு ஆகியவற்றை அனுப்பியவர்களுக்கு: எல்லாம் துணி, எல்லாவற்றுக்கும் ஒன்பது கஜம் என்கிறீர்கள். ஒவ்வொன்றின் நீளத்தையும் உங்களுக்கு முன்னால் யாராவது அளந்து எழுதி வைத்திருக்கிறார்களா என்பதுதான் என் கேள்வி.

ஜூன் 17

இனி உண்மையில் என்ன கிடைத்திருக்கிறது என்று சொல்கிறேன். நீண்ட காலம் இந்தத் தொடரின் வரலாறு 1960களிலிருந்துதான் தொடங்கியது. வியட்நாமில் இருந்த அமெரிக்க விமானப் படையினரிடையே அது தாராளமாகப் புழங்கியது. 1967 இல் அந்தப் போரைப் பற்றி வந்த ஒரு புத்தகத்தில் பல இடங்களில் வருகிறது. பிறகு 1964 ஆம் ஆண்டுச் செய்தித்தாள் ஒன்று கிடைத்தது. விண்வெளித் திட்டத்தில் வேலை செய்பவர்களின் பேச்சு வழக்குகளை விளக்கிய கட்டுரை அது. எந்தத் திட்டத்தைப் பற்றியும் ஒவ்வொரு அம்சமாக விடாமல் அறிக்கை கொடுப்பதுதான் ‘ஒன்பது கஜத்தையும் கொடுப்பது’ என்று அதில் விளக்கம் இருக்கிறது. விமானப் படை, விண்வெளி என்று இரண்டும் வானத்தோடு சேர்ந்தவையாக இருந்ததால் தோட்டாப் பட்டைக் கதைக்கு அந்தக் காலத்தில் நல்ல வரவேற்பு இருந்தது.

பழைய செய்தித்தாள்கள் கணினியில் தேடும்படி ஏற்றப்பட்ட பிறகு நிலைமை மாறியது. தேடியவர்களில் முக்கியமானவர் பானி டெய்லர்-பிளேக். வட கரோலினாவில் நரம்பியல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றுபவர், சொல்லாராய்ச்சி அவருக்கு ஓய்வுநேர ஈடுபாடு. யேல் பல்கலைக்கழகத்தின் நூலகரும் மேற்கோள் தொகுப்பாளருமான ஃபிரெட் ஷப்பைரோ இந்தக் கண்டுபிடிப்புகளை எடை போட்டு எழுதினார். முதலில் 1950களின் கென்டக்கி கிடைத்தது: அந்த மாநிலத்தின் வேட்டை, மீன்பிடிப்பு பற்றிய இதழ் 1956 இல் இந்தத் தொடரை எந்த விளக்கமும் இல்லாமல், வாசகருக்குத் தெரிந்த ஒன்றாகப் பயன்படுத்தியிருக்கிறது. போர் விமானமும் ராக்கெட்டும் அங்கே இல்லை, தூண்டில்தான் இருக்கிறது.

2012 இல் வெளியான செய்தி இன்னும் பெரியது. 1912 ஆம் ஆண்டு கென்டக்கியின் மவுன்ட் வெர்னன் என்ற சிற்றூரின் செய்தித்தாளில் இதே தொடர் இதே பொருளில் வருகிறது, எண் மட்டும் வேறு. ‘தி ஹோல் சிக்ஸ் யார்ட்ஸ்’. முழு ஆறு கஜம்! அந்த ஆண்டு அமெரிக்காவில் குடியரசுத் தலைவர் தேர்தல். குடியரசுக் கட்சிக்குள் தியோடர் ரூஸ்வெல்ட்டும் டாஃப்டும் மோதிக்கொண்டிருந்தார்கள். ஜனநாயகக் கட்சிக்காரர் ஒருவர் குதூகலத்தோடு எழுதுகிறார்: இருவருக்கும் சண்டை முற்றட்டும், ஆறு கஜத்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். 1921 இல் தென் கரோலினாவின் ஸ்பார்ட்டன்பர்க் செய்தித்தாள் ஒன்றின் தலைப்பிலும் ஆறு கஜம்தான்.

இதன் பிறகு 1907 உம் 1908 உம் கிடைத்தன. இடம், தெற்கு இந்தியானாவில் இருக்கும் மிட்செல் என்ற ஊர். அங்கே ஒன்பது கஜமே இருக்கிறது.

கான்கிரீட் லாரி, மஸ்டாங் விமானம், வியட்நாம் எல்லாம் இந்த ஆண்டுகளைக் கேட்டவுடன் விழுந்துவிடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நான் மேலே எழுதிய மறுப்புகள் தேவையே இல்லை என்று சொல்லலாம். எனக்கு மஸ்டாங்கின் தோட்டாக் கணக்கு பிடித்திருப்பதால் அது அங்கேயே இருக்கட்டும்.

ஜூன் 18

முதல் கேள்வி கேட்டவர் மகிழ்ச்சியோடு திரும்பி வந்திருக்கிறார். ஒன்பது மட்டுமல்ல, ஆறும் இருக்கிறதா? சாதாரணப் புடவை ஆறு கஜம், மடிசார் ஒன்பது கஜம், இரண்டும் நம்முடையவை, இதற்கு மேல் என்ன சான்று வேண்டும் என்று கேட்கிறார்.

ஒப்புக்கொள்கிறேன், இதைப் படித்தபோது நானும் சற்று அசந்துபோனேன். அம்மாவோடு ஜவுளிக்கடைக்குப் போன காலங்களில் விரிப்பில் உட்கார்ந்தவுடன் விற்பனையாளர் கேட்கும் முதல் கேள்வியே ‘ஆறா, ஒன்பதா?’ என்பதுதான். நீளம் சொன்ன பிறகுதான் நிறம், கரை, விலை எல்லாம். மொத்தத்தில் ஏழும் எட்டும் இல்லாத ஓர் உலகம் அது. அமெரிக்கச் சிற்றூர் ஒன்றின் பழைய செய்தித்தாளில் அதே இரண்டு எண்களும் வந்து நின்றால் மனம் தாவத்தான் செய்யும்.

ஆனால் இப்படி யோசித்துப் பாருங்கள். கான்கிரீட்காரருக்கும் இதே போன்ற ஒரு மகிழ்ச்சி கிடைத்திருக்கும்: 1962 இன் சராசரி 6.24, பிற்கால லாரி ஒன்பது, ஆக அவரிடமும் ஆறும் ஒன்பதும் இருக்கின்றன. சிறிய எண்களுக்கு இந்தக் குணம் உண்டு. எங்கே தேடினாலும் அகப்படும். நீங்கள் காட்ட வேண்டியது எண்ணின் பொருத்தத்தை அல்ல. மவுன்ட் வெர்னனில் 1912 இல் செய்தித்தாள் எழுதியவரும் மிட்செலில் 1907 இல் எழுதியவரும் புடவையைப் பற்றி எந்த வழியாகவாவது கேள்விப்பட்டிருந்தார்கள் என்பதைக் காட்ட வேண்டும். இரண்டும் உள்நாட்டில், ஒன்று சுண்ணாம்புப் பாறைக் குன்றுகளுக்கு இடையிலும் மற்றது அப்பலாச்சிய மலையடிவாரத்திலும் இருக்கும் ஊர்கள். அந்த வழி தெரியாதவரை எண்ணின் அழகுக்கு மதிப்பெண் கொடுக்க முடியாது.

இன்னொன்று: பத்து கஜ மடிசாரும் கடையில் கிடைக்கிறது. உயரமானவர்களுக்கு அதுதான் வசதி என்பார்கள். அதை உங்கள் வாதத்தில் சேர்க்காமல் விட்டுவிட்டீர்கள்.

ஜூன் 21

மடிசார் அன்பருக்கு ஓர் ஆறுதல் உண்டு. துணியை நான் முற்றிலும் ஒதுக்கவில்லை.

இந்தியானாவில், ஓகையோ ஆற்றங்கரையில், கென்டக்கியின் லூயிவில் நகருக்கு எதிர்க்கரையில் நியூ ஆல்பனி என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கிருந்து வந்த நாளிதழில் 1855 ஜனவரியில் ஒரு நகைச்சுவைக் கதை அச்சாகியிருக்கிறது. ஒரு நீதிபதி, மூன்று சட்டை தைப்பதற்கு வேண்டிய துணிக்கு ஏற்பாடு செய்கிறார். வந்து சேர்வது ஒரே சட்டை, கணக்கில்லாத அகலம். மூன்று சட்டைக்கு உரிய ஒன்பது கஜத் துணி முழுவதையும் தைத்த பெண் ஒரே சட்டையில் போட்டுவிட்டாளே என்று நீதிபதி கத்துகிறார். ‘முழு ஒன்பது கஜத்தையும்’ என்பதே அங்கே அவர் வாயில் வரும் சொல். இங்கே அது நேர்ப்பொருள்தான், சொலவடை இல்லை. ஒன்பது கஜம் என்றால் ஒன்பது கஜத் துணி.

இந்தக் கதைதான் வேர் என்று சான்றோடு சொல்ல முடியாது. 1855 க்கும் 1907 க்கும் இடையே அரை நூற்றாண்டு வெற்றிடம் கிடக்கிறது. ஆனாலும் என்னால் இதை எளிதில் தள்ளிவிட முடியவில்லை, காரணம் நிலப்படம். நியூ ஆல்பனி தெற்கு இந்தியானா, மிட்செல் தெற்கு இந்தியானா, மவுன்ட் வெர்னன் பக்கத்து மாநிலமான கென்டக்கி, 1956 இன் மீன்பிடி இதழும் கென்டக்கி. தென் கரோலினாத் தலைப்பு ஒன்றுதான் விலகி நிற்கிறது. ஒரு வட்டாரத்துக்குள் வாய்வழியாகப் புழங்கிய வழக்கு, அவ்வப்போது அச்சில் எட்டிப் பார்த்தது, ராணுவத்தில் சேர்ந்த பையன்களோடு ஊரைவிட்டு வெளியேறியது என்று நான் ஊகிக்கிறேன். இதை ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 22

1907 இன் வாக்கியத்தை மறுபடியும் படித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. அது ஒரு பேஸ்பால் ஆட்ட அறிவிப்பு. ஊரின் வழக்கமான ‘ஒன்பது’, அதாவது ஒன்பது பேர் கொண்ட அணி, வணிகர்களோடு ஆடப் போகிறது. வணிகர்கள் தாக்குப்பிடிக்கும் அளவுக்குத்தான் இன்னிங்ஸ் இருக்கும், முழு ஒன்பது கஜத்துக்கும் உறுதி தர முடியாது என்று எழுதியிருக்கிறார்கள். பேஸ்பாலில் ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஆக எழுதியவர் சொல்லோடு விளையாடுகிறார்.

அப்படியானால் ஒன்பது என்ற எண்ணே பேஸ்பாலிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டதா? பழைய வடிவம் ஆறு கஜம், மிட்செல்காரர் இன்னிங்ஸுக்காக அதை ஒன்பதாக்கினார் என்று ஒரு கதை கட்டலாம். இதில் நான் கொஞ்ச நேரம் மயங்கினேன். ஆனால் அதே ஊரின் 1908 வாக்கியத்தில் பேஸ்பால் இல்லை. மீன் பிடிக்கப் போன ஒருவர் பெரிய கதையோடு திரும்பியிருக்கிறார். நாங்கள் நின்று கேட்கத் தயாரில்லை, என்றாவது ஓர் அப்பாவி அகப்படுவான், அவனுக்கு ஒன்பது கஜத்தையும் கொடுக்கட்டும் என்று பத்திரிகை கேலி செய்கிறது. இங்கே ஒன்பதுக்கு எந்தத் தேவையும் இல்லை. ஆகவே அந்த ஊரில் ஒன்பது என்ற வடிவம் முன்பே இருந்திருக்க வேண்டும், பேஸ்பால் எழுத்தாளர் அதை வாகாகப் பயன்படுத்திக்கொண்டார் என்பதே பொருந்துகிறது.

ஜூன் 26

மேலே வந்திருக்கும் எடுத்துக்காட்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் பெரும்பாலானவை எதையோ சொல்வதைப் பற்றியவை. மீன் பிடித்தவன் சொல்லும் கதை. ரூஸ்வெல்ட்டும் டாஃப்டும் ஒருவரைப் பற்றி ஒருவர் சொல்லப்போகும் ஊழல்கள். அதே 1912 இல் மவுன்ட் வெர்னனில் இன்னொரு குறிப்பும் உண்டு: சில நாட்கள் ஊரில் இல்லாததால் செய்திகளை முழுதும் திரட்ட முடியவில்லை, அடுத்த இதழில் ஆறு கஜத்தையும் தருகிறோம் என்று செய்தியாளர் எழுதுகிறார். 1964 இல் விண்வெளிக்காரர்களுக்கும் அது அறிக்கை கொடுப்பதுதான்.

ஆகவே தொடக்கத்தில் இது ‘எல்லாம்’ என்ற பொதுப்பொருள் கொண்டதாக இல்லை. நீளமான பேச்சை விடாமல் கொட்டித் தீர்ப்பதைக் குறித்திருக்கிறது என்று நினைக்கிறேன். பேச்சைத் துணி போலக் கஜக்கணக்கில் பார்க்கும் பார்வை அது. நமக்கு இதில் வியப்படைய ஒன்றும் இல்லை, நாமும் கதையை அளக்கிறவர்கள்தான். ஒருவன் நம்ப முடியாததை நீட்டி முழக்கினால் ‘அளக்காதே’ என்கிறோம். என்ன கோலால் அளந்தான், எத்தனை முழம் என்று யாரும் கேட்பதில்லை. மிட்செல்காரர்களும் கேட்டிருக்க மாட்டார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். ஒன்பது கஜம் நீளமுள்ள ஒரு பொருளைத் தேடிக்கொண்டே இருந்தவர்கள் அத்தனை பேரும் எண்ணுக்குப் பின்னால் ஒரு பொருள் இருந்தே தீர வேண்டும் என்று நம்பிவிட்டார்கள். ஆறாகவும் ஒன்பதாகவும் பக்கத்துப் பக்கத்து மாநிலங்களில், ஐந்தே ஆண்டு இடைவெளியில், ஒரே பொருளில் வழங்கிய தொடருக்கு எந்தப் பொருளின் நீளமும் அடிப்படையாக இருந்திருக்க முடியாது. இருந்திருந்தால் எண் இப்படி ஊசலாடாது.

ஜூலை 1

‘பிறகு ஏன் ஒன்பது நிலைத்தது, ஆறு ஏன் போயிற்று?’ நல்ல கேள்வி. ஷப்பைரோ இதை எண் வீக்கம் என்கிறார். விலைவாசி ஏறுவது போல எண்ணும் ஏறுகிறது. மிகுந்த மகிழ்ச்சியில் மிதப்பவரை ஆங்கிலத்தில் ‘கிளவுட் நைன்’ மேல் இருப்பதாகச் சொல்வார்கள், ஒன்பதாவது மேகம். அந்த மேகம் முதலில் ஏழாகவும் எட்டாகவும் கூட இருந்திருக்கிறது. ஒன்பது பிறகுதான் வென்றது. இதற்கும் ஒரு மூலக்கதை உண்டு: 1896 இல் வெளிவந்த பன்னாட்டு மேக வரைபட நூலில் வானளாவ உயரும் இடிமேகம் ஒன்பதாம் எண்ணைப் பெற்றிருந்தது, ஆகவே ஒன்பதாம் மேகம் என்றால் உச்சம் என்பார்கள். வரைபட நூல் உண்மை, அதில் எண் ஒன்பது என்பதும் உண்மை. ஆனால் ஏழாம் மேகத்தில் மிதந்தவர்களை அந்த நூல் எப்படி விளக்கும்?

வீக்கம் என்பது மட்டும் போதாது என்று தோன்றுகிறது. ஒன்பதுக்கே ஆங்கிலத்தில் ஓர் ஈர்ப்பு இருக்கிறது. பூனைக்கு ஒன்பது உயிர். அடங்கிப்போகும் பரபரப்பு ஒன்பது நாள் வியப்பு. பிரமாதமாக என்பதற்கு ‘டு த நைன்ஸ்’ என்ற ஸ்காட்லாந்து வழக்கு 1719 ஆம் ஆண்டுக் கவிதைக் கடிதம் ஒன்றிலேயே இருக்கிறது. கையில் வைத்திருப்பவனுக்கே சட்டத்தில் பெரும்பங்கு என்ற பழமொழியில் அந்தப் பங்கு 17 ஆம் நூற்றாண்டில் பன்னிரண்டுக்குப் பதினொன்று என்றும் ஒன்பது என்றும் இரண்டு விதமாகச் சொல்லப்பட்டது. கடைசியில் பதினொன்று போய் ஒன்பதுதான் நின்றது. இங்கே எண் இறங்கியிருக்கிறது. ஆறிலிருந்து ஏறியும் பதினொன்றிலிருந்து இறங்கியும் ஒன்பதில் வந்து நிற்பதை வீக்கம் என்ற ஒரு சொல்லால் விளக்கிவிட முடியாது.

ஜூலை 2

அமெரிக்கக் கால்பந்தைப் பற்றிக் கேட்டவருக்கு: அந்த ஆட்டத்தில் பந்தை முன்னேற்ற வேண்டிய தூரம் பத்து கஜம், 1906 க்கு முன்பு ஐந்து கஜம். ஒன்பது கஜம் போனவன் தோற்றவன். கிண்டலாகப் பிறந்த தொடர் என்று நீங்கள் சொல்வதற்குச் சாதுரியம் இருக்கிறது, ஆனால் பழைய எடுத்துக்காட்டு எதிலும் அந்தக் கிண்டல் தென்படவில்லை, ஆறு கஜம் அங்கே இன்னும் பரிதாபமான தோல்வி.

ஜூலை 8

சவத்துணி ஒன்பது கஜம், ஆகவே ‘ஒன்பது கஜத்தையும் பார்த்தவன்’ என்றால் செத்தவன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 18 ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலிருந்து என்றும் சேர்த்திருக்கிறார். 1855 க்கு முற்பட்ட ஒரே ஒரு வரி அச்சில் இருந்தால் போதும், அனுப்புங்கள். நூலின் பெயர், ஆண்டு, பக்க எண் மூன்றும் வேண்டும். தாத்தா சொன்னார் என்பதை ஏற்பதற்கில்லை.